உம் கொட்டாமல் கேட்பது

ஜூன் 8, ஞாயிறு

ஜெர்மன் வகுப்பில் லிடியா மேடம் எங்களைத் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார், ஜெர்மனிலேயே. அது வேறு நோட்டில் ஒழுங்காக நடக்கிறது. வெயில் அடித்தது, இட்லி சாப்பிட்டேன், என் கணவர் விளையாட்டு ஆசிரியர், நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன். வயிற்றெரிச்சலை எழுத எனக்குத் தமிழ்தான் வசதி. அதற்காக இந்த நோட்டு.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், படித்தல், எழுதுதல், பேசுதல் மூன்று தாளிலும் தேறிவிட்டேன். கேட்டல் தாளில் ஃபெயில். ஹோரன் என்பார்கள் அதை. ஒலிபெருக்கியில் யாராவது பேசுவார்கள், நாம் கேட்டுவிட்டு விடையில் கோடு போட வேண்டும். அறுபது எடுத்தால் பாஸ். எனக்கு ஐம்பத்திரண்டு.

இந்தப் பாளையங்கோட்டையில் யாருக்கு என்ன வருத்தம் வந்தாலும் என் காதில்தான் கொட்டுவார்கள். வார்டில் எல்லா நோயாளிக்கும் செண்பகம் சிஸ்டர்தான் வேண்டும். தென்காசியிலிருந்து கோமதி சித்தி தினமும் போன் போட்டு மாடி வீட்டுக்காரி பற்றி ஒரு மணி நேரம் சொல்லுவாள். "ஒங்கிட்ட சொன்னாத்தான் ஏட்டி எனக்குச் சோறு எறங்குது" என்பாள். அப்பேர்ப்பட்ட காதுக்கு ஐம்பத்திரண்டு. மார்க் போட்டவன் காதைத்தான் சோதிக்க வேண்டும்.

ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை எனக்காக ஓர் இடத்தை ஆகஸ்ட் கடைசி வரை பிடித்து வைத்திருக்கிறது. அதற்குள் ஹோரன் தேறவில்லை என்றால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். இந்த மாதம் ஒரு முறை எழுதலாம். தவறினால் ஆகஸ்டில் ஒரு முறை. அதோடு சரி.

காலையில் இவரிடம் சொன்னேன், இந்தத் தடவை பாஸ் பண்ணி நான் போய்விடுவேன் என்று. "போயிட்டு வா. நல்ல விஷயந்தான" என்றார். "ம்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனேன். இவர் பெயர் நயினார். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்தி விசில் ஊதிவிட்டு வருவதால் வீட்டில் பேச இவரிடம் மிச்சம் இருப்பதில்லை.

ஜூன் 14, சனி

வகுப்பில் இன்று தேனீ வளர்க்கும் ஒருவரின் வானொலிப் பேட்டி. முந்திரிக்கொட்டை மாதிரி எல்லாக் கேள்விக்கும் நான்தான் முதலில் பதில் சொன்னேன். பாதி தப்பு. ஆனாலும் முதலில் சொன்னது நான்தான்.

லிடியா மேடம் என்னைவிட ஆறு வயது சின்னவர். "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுவார். "அக்கா, அவர் பேசி முடிக்கட்டுமே அக்கா. நீங்க எந்த பஸ்ஸைப் பிடிக்கணும்?"

இடைவேளையில், கூடப் படிக்கும் பிலோமினா அக்கா ஒரு கதை சொன்னாள். அவள் மகள் இவர் பள்ளியில்தான் படிக்கிறாள். டிரில் எடுக்கும்போது சார் ஒன்று, இரண்டு என்று எண்ணாமல் 'ஐன்ஸ், ஸ்வை, ட்ரை' என்று ஜெர்மனில் எண்ணுகிறாராம், பிள்ளைகளும் கூடவே கத்துகிறார்களாம். என்னைக் கிண்டல் செய்கிறார் போல. ஒரு வருடமாக அடுப்படியில் ஜெர்மன் ஓடினால் மனுஷனுக்கு வேறு எப்படித்தான் எரிச்சலைக் காட்டத் தோன்றும்!

வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். துவையலில் உப்பு கூடிவிட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஜூன் 28, சனி. சென்னையிலிருந்து திரும்பும் ரயிலில்

பரீட்சை எழுதிவிட்டேன். சுமார்.

நான் கவனமாகத்தான் கேட்டேன். ஆனால் அறையில் யாரோ பக்கத்திலேயே முனகிக்கொண்டிருந்தார்கள், ரொம்ப இடைஞ்சல். முன்னால் இருந்த பெண் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மேற்பார்வையாளர் என் மேசைக்கே வந்து உதட்டில் விரல் வைத்தார். அவருக்கும் அந்த முனகல் கேட்டிருக்கிறது. ஆமாம், யார் என்று கண்டுபிடியுங்கள் என்று நானும் தலையாட்டினேன். அவர் என்னையே முறைத்துவிட்டுப் போனார். நாகரிகம் தெரியாதவர்கள் எல்லாம் பரீட்சை எழுத வந்துவிடுகிறார்கள்.

ஜூலை 10, வியாழன்

ஐம்பது. முன்னைவிடக் குறைவு.

ஜூலை 13, ஞாயிறு

மூன்று நாளாக யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அழுதேன் என்று எழுதப் போவதில்லை. வெங்காயம் நிறைய நறுக்கினேன்.

இவர் அடுப்படியில் கரகரவென்று இருந்த என் ஸ்பீக்கரைப் பிரித்துச் சரிசெய்து வைத்தார். "அடுத்த தடவை வந்துரும்" என்றார். "ம்" என்றேன். "வராட்டியும்..." என்று ஏதோ ஆரம்பித்தார். "ம், ம்" என்று பையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். ஆறுதல் கேட்கிற நிலையில் நான் இல்லை.

ஜூலை 19, சனி

இன்று என் மானம் போன நாள்.

லிடியா மேடத்துக்கு என் மதிப்பெண் புதிராக இருந்திருக்கிறது. வகுப்பில் ஓரளவு வருகிறது, பரீட்சையில் வழுக்குகிறது, ஏன் என்று. அதனால் இன்று பாடத்தை ஓட்டும்போது, நாங்கள் எப்படிக் கேட்கிறோம் என்பதைத் தன் செல்போனில் பதிவு செய்தார். பிறகு அதைப் போட்டுக் காட்டினார்.

ஜெர்மன்காரர் குப்பை பிரிப்பது பற்றிப் பேசுகிறார். அவர் ஒரு வாக்கியம் முடித்ததும் "ம்." அடுத்த வாக்கியம். "ம்ம்." அவர் மூச்சு வாங்கும் இடத்தில் "ம்ஹூம்?" கண்ணாடிப் போத்தலுக்குத் தனித் தொட்டி என்றதும் ரொம்ப அக்கறையாக "ம்ம்ம்."

"யாரு இது, எருமை மாதிரி?" என்று நான்தான் கேட்டேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. பிலோமினா அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள்.

அப்போதுதான் பரீட்சை அறையில் முனகியது யார் என்று தெரிந்தது. அந்த மேற்பார்வையாளரிடம் தலையாட்டியதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

என்ன செய்ய? கதை கேட்டால் உம் கொட்ட வேண்டும் என்றுதானே நம் ஊரில் பழக்கியிருக்கிறார்கள். உம் நின்றால் சொல்கிறவர் கதையை நிறுத்திவிடுவார். நான் நிறுத்தாமல் கொட்டுவதால்தான் எல்லோரும் என்னிடம் சொல்ல வருகிறார்கள். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

"அக்கா, அது ஸ்பீக்கர். நீங்க உம் கொட்டலன்னாலும் அது பேசும்" என்றார் மேடம்.

ஜூலை 20, ஞாயிறு

உம் கொட்டாமல் கேட்கும் பயிற்சி, முதல் நாள். கோமதி சித்தியிடம் ஆரம்பித்தேன்.

"ஏட்டி செம்பகம், இந்த மாடி வீட்டுக்காரி என்ன செஞ்சா தெரியுமா? மோட்டாரைப் போட்டுட்டு அவ பாட்டுக்குக் கோயிலுக்குப் போயிட்டா... ஹலோ? ஏட்டி, இருக்கியா?"

"இருக்கேன் சித்தி."

"தொட்டி நெறஞ்சு மாடிப்படியெல்லாம் தண்ணி... ஹலோ? ஹலோ? லைன் போச்சா?"

"இருக்கேன், சொல்லுங்க."

"ஒனக்கு ஒடம்புக்கு என்னட்டி செய்யுது? நயினாரு ஏதும் சொன்னானா? போனை அவன்ட்ட குடு."

இவர் வாங்கிச் சித்திக்கு ஐந்து நிமிடம் சமாதானம் சொன்னார். பயிற்சி தோல்வி.

ஜூலை 24, வியாழன்

வாயில் ஏலக்காய் போட்டுப் பார்த்தேன். மென்றுவிட்டேன். பல்லிடுக்கில் பென்சில் வைத்தேன், "ம்" அதன் வழியாகவும் வந்தது. கடைசியில் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு பாடத்தைப் போட்டேன். சத்தம் சுத்தமாக நின்றது. இவர் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, உப்பியிருந்த என் கன்னத்தைப் பார்த்து, "பல்வலியா?" என்றார். சிரிப்பு வந்து, தண்ணீர் முழுக்க அவர் சட்டைமேல்.

சட்டையைத் துடைத்துக்கொண்டே அவரும் சிரித்தார். இவர் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது. அதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உம் கொட்டுவதை நிறுத்தினேன். ஒரு வாக்கியமும் மண்டையில் ஏறவில்லை. அதோடு சேர்ந்து காதும் போய்விட்டது.

ஜூலை 26, சனி

மேடத்திடம் ஒப்புக்கொண்டேன். அவர் ஒரு பேட்டியைப் போட்டார், நான் எந்த இடத்தில் உம் கொட்டுவேனோ அந்த இடத்திலெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன்.

ஒரு பெண் பேசுகிறாள். சைக்கிளில் வேலைக்குப் போவது ரொம்பப் பிடிக்கும் என்கிறாள். விரல். உடம்புக்கு நல்லது என்கிறாள். விரல். மேடம் ஒலியை நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணு வேலைக்கு எதுல போறா?"

"சைக்கிள்ல."

மறுபடி ஓடவிட்டார். நான் விரல் தூக்கிய அடுத்த நொடியில் அவள் "ஆபர்" என்கிறாள். ஆனால். ஆனால் குளிர்காலம் வந்தபிறகு பேருந்துதான். அந்தப் பகுதி என் காதில் விழுந்திருந்தது, உள்ளே போகவில்லை.

"பாத்தீங்களா அக்கா? நீங்க உம் சொன்னதும் கதவைச் சாத்திடுறீங்க. விஷயம் முடிஞ்சதுன்னு உங்க மனசு எழுந்து போயிடுது. இந்தப் பரீட்சை வைக்கிறவங்க விடையை எல்லாம் 'ஆனா'வுக்குப் பின்னாலதான் ஒளிச்சு வைப்பாங்க. சும்மா வாயை மூடினா போதாது. அந்த 'ஆனா' வரும்னு காத்திருக்கணும்."

"வரலன்னா?"

"வரலன்னா ஒண்ணும் நஷ்டமில்ல. கொஞ்சம் காத்திருந்தோம், அவ்வளவுதானே?"

சின்னப் பெண்தான். ஆனால் சரியாகப் பிடித்துவிட்டாள். செருப்பு வாரில் கால் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு அந்த 'ஆனா'வுக்குக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறாள். உம் கால்வழியாக இறங்கிவிடுமாம்.

ஜூலை 29, செவ்வாய்

வார்டில் சோதித்தேன். ஏழாம் படுக்கையில் பூதத்தான் என்று ஒரு தாத்தா, சர்க்கரை குறையவே மாட்டேன் என்கிறது. தினமும் நான் கேட்பேன், அவர் "மாத்திரையெல்லாம் சரியாச் சாப்பிடுதேன் தாயி" என்பார், நான் "ம்" என்று எழுதிக்கொண்டு எட்டாம் படுக்கைக்குப் போவேன்.

இன்று கேட்டுவிட்டுக் கட்டைவிரலை அழுத்தினேன். சும்மா நின்றேன்.

"மாத்திரையெல்லாம் சரியாச் சாப்பிடுதேன் தாயி."

நான் பேசவில்லை. அவர் மின்விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆனா அந்தப் பெரிய மாத்திரை மட்டும் தொண்டையில எறங்க மாட்டேங்கு. தலகாணி ஒறைக்குள்ள இருக்கு."

எடுத்துப் பார்த்தால் ஒரு வாரத்து மாத்திரை. டாக்டர் பொடித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு ஒரே கொண்டாட்டம். ஜெர்மன் நோட்டிலும் எழுதினேன்: இன்று நான் நன்றாகக் கேட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. யார் கிடைத்தாலும் பயிற்சிதான். காலையில் இவர் கிடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் பின்வாசல் படியில் உட்கார்ந்து கேன்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பூசுவார். திங்கள் அசெம்பிளிக்கு. பக்கத்தில் நான் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை பரீட்சை முடிஞ்சிட்டுன்னா கெளம்பிருவ" என்றார்.

கட்டைவிரலை அழுத்தினேன்.

"என்ன, தொண்டை கட்டியிருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஷூவின் நாக்கை இழுத்துப் பூசினார்.

"போயிட்டு வா. நல்ல விஷயந்தான."

ஒரு வருடமாக இதைத்தான் சொல்கிறார். ஒரு வருடமாக இந்த இடத்தில்தான் நான் "ம்" சொல்லிவிட்டு எழுந்து போகிறேன். இன்று எழுந்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அப்போதும் நான் பரீட்சையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூசிய ஷூவையே மறுபடி பூசினார்.

"ஆனா," என்றார். நிறுத்தினார். "ஆனா நீ எப்பமும் 'நான் போவேன், நான் போவேன்'ங்க. நீங்களும் வாங்கன்னு என்னைய ஒரு தடவைகூடக் கூப்பிடலயே செம்பகம்."

அவரைக்காய் கையில் அப்படியே நின்றது. பேசாமல் இருக்க இப்போது கட்டைவிரல் தேவைப்படவில்லை.

"ஒங்களுக்கு ஒங்க கிரவுண்டு, ஒங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைய... விட்டுட்டு வர மாட்டீயன்னு..." என்று கடைசியில் ஆரம்பித்தேன்.

"நான் அப்படிச் சொன்னனா?"

"சொல்லல."

"நீ கேக்கவும் இல்ல."

கேட்கவில்லைதான். கேட்டு, மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்துதான் கேட்கவில்லை. இதை இந்த நோட்டில்கூட இதுவரை எழுதவில்லை. அவரிடம் சொன்னேன்.

"நீ என்னைய வேண்டாம்னுட்டுப் போறன்னு நெனச்சேன்" என்றார். அதைச் சொல்லும்போது ஷூவைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் எதுவும் இல்லை.

பிறகு அவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அங்கேயும் பிள்ளைகள் பந்து விளையாடத்தானே செய்யும், ஏதாவது ஒரு கிளப்பில் பந்து பொறுக்கிப் போடும் வேலையாவது கிடைக்காதா. வந்து பார்ப்போம், ஒத்துவராவிட்டால் சேர்ந்தே திரும்புவோம். குளிர்தான் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. டிரில்லில் ஜெர்மனில் எண்ணியது கிண்டலுக்கு இல்லை. அடுப்படியில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது, நாற்பது வரை தெரியும், அதற்குமேல் டிரில்லில் ஆளில்லை என்பதால் நிறுத்தியிருக்கிறார். பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் இவர் ஒரே நேரத்தில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இவரிடம் பேச்சு இல்லை என்று நான் பாட்டுக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"நீங்களும் வாங்க" என்றேன்.

"ம்" என்றார்.

அவரைக்காய்ப் பொரியல் நாருடனேயே வெந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

சித்தி போன் போட்டாள். எடுக்கவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 9, சனி. ரயிலில்

அதே அறை, அதே மேற்பார்வையாளர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து பெருமூச்சு விட்டார். நான் புன்னகைத்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒலிபெருக்கியில் ஒருவர் தன் ஊர் நூலகத்தைப் புகழ்ந்து தள்ளினார். அழுத்தினேன். காத்திருந்தேன். "ஆபர்" வந்தது. அடுத்து ஒரு அம்மாள் மகனோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு நல்லது என்றாள். அங்கே 'ஆபர்' வரவேயில்லை, குரல்தான் கொஞ்சம் இறங்கியது. அதுவும் கேட்டது எனக்கு.

ஒருமுறை மட்டும் வாய் திறந்துவிட்டது. கடைசிக் கேள்வி முடிந்து, "தேர்வு நிறைவடைந்தது, நன்றி" என்று ஒலிபெருக்கி சொன்னபோது. "ம்" என்றேன். அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வலது செருப்பின் வார் அறுந்துவிட்டது. எழும்பூரில் இவர் எனக்காகப் புதுச் செருப்பு தேடி அலைந்து, ஒரு சைஸ் பெரிதாக வாங்கி வந்தார். இந்தத் தடவை கூடவே வந்திருந்தார். நான்தான் கூப்பிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுபத்தாறு!

லிடியா மேடம் போனில் கத்தினார். "அக்கா! சூப்பர் அக்கா!" பிலோமினா அக்கா வார்டுக்கே வந்து கட்டிப்பிடித்தாள். பூதத்தான் தாத்தா டிஸ்சார்ஜ் ஆகிப் போயிருந்தார், இல்லையென்றால் அவரிடமும் சொல்லியிருப்பேன். என்னை அனுப்பி வைக்கும் ஏஜெண்ட் அந்த மருத்துவமனைக்கு மெயில் போட்டுவிட்டார், இடம் எனக்குத்தான். கூட வரப்போகும் என் வீட்டுக்காரரும் அடிப்படை ஜெர்மன் படித்து வைப்பது நல்லது என்று ஏஜெண்ட் சொன்னார்.

சித்திக்கு நானே போன் செய்தேன். முழுசாக ஒரு மணி நேரம் மாடி வீட்டுக்காரி புராணம் கேட்டேன், தாராளமாக உம் கொட்டி. அவளுக்கு அது வேண்டும். "இப்பத்தாண்டி நீ பழைய செம்பகம்" என்றாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இவரை லிடியா மேடத்தின் புது வகுப்பில் சேர்த்துவிட்டேன். மேடம் இவரை "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுகிறாராம். நல்ல வேளை, நான் மட்டும் இல்லை.

இன்று காலை இவர் அடுப்படி மேசையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதல் பாடத்தைக் கேட்டார். யாரோ ஒருத்தி ரயில் நிலையத்தில் வழி கேட்கிறாள். எனக்கு அந்தப் பாடம் தலைகீழாகத் தெரியும். பால் காய்ச்சிக்கொண்டே பார்த்தேன். கண்ணை மூடி, தலையை ஆட்டி, அடுப்படியே அதிரும்படி: "ம்... ம்ம்... ம்ஹூம்?"

மேடத்திடம் இதைச் சொல்ல வேண்டும். செருப்பு வார் வித்தையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஹெட்போனைக் கழற்றினார்.

"எல்லாம் நல்லா வெளங்குது செம்பகம். ஆனா..."

பால் பொங்க வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.